தனியாக வருகிறவருக்கு ஒரு பெஞ்ச் போடுங்கள்

கலை அருங்காட்சியகங்களின் இயக்குநர்களுக்கும், எந்தப் படத்தை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று முடிவு செய்பவர்களுக்கும், டிக்கெட்டின் பின்பக்கத்தில் விதிகளை அச்சிடுபவர்களுக்கும் வணக்கம்.

ஒரு நாளை முழுதாக ஒதுக்கிக்கொண்டு, துணைக்கு யாரையும் கூப்பிடாமல், ஓவியம் பார்க்கவென்றே கிளம்பி வருகிறவர்கள் சார்பில் இதை எழுதுகிறேன். எங்களுக்குச் சங்கம் கிடையாது. தனியாகப் போகப் பிரியப்படுகிறவர்களை ஒன்றுசேர்த்து எப்படிச் சங்கம் வைப்பது? ஆகவே என்னை யாரும் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, நானாகவேதான் எழுதுகிறேன். முக்கியமாகக் கேட்பவை இரண்டு: ஓவியத்தின் முன்னால் உட்கார ஓர் இடம், ஒரே டிக்கெட்டில் வெளியே போய்விட்டுத் திரும்பி வர அனுமதி. இரண்டுக்கும் புதுக் கட்டடம் கட்ட வேண்டாம், கொடையாளர்களைத் தேடி அலையவும் வேண்டாம்.

கேட்பதற்கு முன்னால், எங்களை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். "எத்தனை பேர்?" என்ற கேள்விக்கு "ஒருவர்" என்று பதில் சொன்னால், பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று டிக்கெட் கொடுப்பவர் எட்டிப் பார்க்கிறார். குடும்பத்துக்குச் சலுகை உண்டு, குழுவுக்குச் சலுகை உண்டு. வழிகாட்டியோடு சுற்றிவரக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்று பல இடங்களில் விதியும் உண்டு. இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று தெரியும். ஆனால் கூட்டமாக வருவதுதான் இயல்பு, தனியாக வந்தவர் கூட வர ஆள் கிடைக்காமல் வந்தவர் என்ற நினைப்பு உங்கள் ஏற்பாடுகளில் ஊறிப்போயிருக்கிறது.

அந்த நினைப்பு எங்கள் பக்கத்திலும் இல்லாமல் இல்லை. ரெபெக்கா ராட்னர், ரெபெக்கா ஹாமில்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பல்கலைக்கழக வளாகத்தில் ஓர் ஓவியக்கூடத்தின் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தவர்களை உள்ளே போய்ச் சில நிமிடங்கள் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். தனியாக இருந்தவர்கள், தங்களுக்கு அது அவ்வளவாக ரசிக்காது என்று போவதற்கு முன்பே கணித்தார்கள். துணையோடு இருந்தவர்கள் கூடுதலாக எதிர்பார்த்தார்கள். பார்த்துவிட்டு வெளியே வந்தபோது இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் ரசித்திருந்தது. ஆக, தயக்கமெல்லாம் வாசலுக்கு இந்தப் பக்கம்தான். உள்ளே போய்விட்டால் அது எங்கே போயிற்று என்றே தெரிவதில்லை.

உள்ளே போன பிறகு நடப்பதை இன்னும் நெருக்கமாகப் பார்த்தவர்கள் சுவிட்சர்லாந்தில் இருந்தார்கள். சாங்க்ட் காலன் நகரத்தின் கலை அருங்காட்சியகத்தில் 2009இல் மார்ட்டின் ட்ரோண்ட்லே என்பவரின் குழு, பார்வையாளர்களின் கையில் ஒரு கையுறையை மாட்டி அனுப்பியது. அவர்கள் எந்த வழியாக நடந்தார்கள், எங்கே நின்றார்கள், இதயத் துடிப்பு எப்படி மாறியது, தோலின் மின்கடத்தும் தன்மை எப்படி மாறியது என்பதையெல்லாம் அது பதிவு செய்தது. தனியாக வந்தவர்கள் படைப்புகளோடு கூடுதல் நேரம் இருந்தார்கள், கூடுதலாக உணர்ச்சிவசப்பட்டார்கள். பேச்சுத்துணையோடு வந்தவர்களின் கவனம் பேச்சுக்கும் படத்துக்கும் நடுவே பங்கு பிரிந்தது. இதைக் கண்டுபிடிக்கக் கையுறை தேவையா என்று கேட்கலாம். பக்கத்தில் ஒருவர் "சரி, அடுத்த ரூமுக்குப் போவோமா?" என்று கேட்கும்போது உள்ளே என்ன அறுந்துபோகிறது என்று எங்களைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்போம். ஆனாலும் அளந்து பார்த்ததில் ஒரு லாபம் உண்டு: நிர்வாகக் கூட்டத்தில் நீங்கள் அதை எடுத்து வைக்கலாம்.

சேர்ந்து வருவதை நான் குறை சொல்லவில்லை. நண்பர் ஒருவர் கைகாட்டியிராவிட்டால் பார்க்காமலே போயிருக்கக்கூடிய படங்கள் எனக்கும் உண்டு. பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் படும் பாடு தனி, அவர்கள் தனி மடலே எழுதலாம். எங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இப்போது பெஞ்சுக்கு வருகிறேன்.

ஒரு பெரிய படைப்பின் முன்னால் ஆட்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று ஜெஃப்ரி ஸ்மித்தும் லிசா ஸ்மித்தும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அளந்து, 2001இல் வெளியிட்டார்கள். சராசரி 27 விநாடி. நடுமதிப்பு 17 விநாடிதான், அதாவது பாதிப்பேர் அதற்குள்ளாகவே நகர்ந்துவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து அதே ஆய்வைச் சிகாகோவின் ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் திரும்பச் செய்தபோதும் சராசரி கிட்டத்தட்ட அங்கேயே நின்றது, இடையில் செல்ஃபி வந்து சேர்ந்ததுதான் மாற்றம். இந்த எண்ணைச் சொல்லி மக்களுக்குப் பொறுமை போய்விட்டது என்று புலம்புவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நிற்கிற இடத்தில்தான் இந்தக் கணக்கு எடுக்கப்பட்டது. கால் கடுக்கக் கடுக்க எந்த மனிதனின் கண்ணும் சுருக்கமாகத்தான் வேலை செய்யும்.

நேரம் கொடுத்தால் கண் என்ன செய்யும் என்பதற்கு ஹார்வர்ட் பேராசிரியர் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் நல்ல சாட்சி. அவர் தன் மாணவர்களை ஒரே ஒரு படத்தின் முன்னால் முழுதாக மூன்று மணி நேரம் செலவிடச் சொல்கிறார். தானும் அதைச் செய்து பார்த்து 2013இல் எழுதியிருக்கிறார். அவர் பார்த்தது, ஜான் சிங்கிள்டன் காப்லி 1765இல் வரைந்த, பறக்கும் அணிலை வைத்திருக்கும் சிறுவனின் படம். அது பாஸ்டனில் இருக்கிறது. சிறுவனின் காது மடலும் அணிலின் வயிற்றோரத்து மயிர்வரிசையும் ஒரே வடிவம் என்று கவனிக்க அவருக்கு 9 நிமிடம் பிடித்தது. சங்கிலியைப் பிடித்திருக்கும் விரல்களின் அகலமும் கீழே இருக்கும் தண்ணீர்க் குவளையின் விட்டமும் ஒன்று என்று தெரிய 21 நிமிடம். பின்னால் தொங்கும் திரைச்சீலையின் மடிப்புகளில் அந்தக் காதும் கண்ணும் திரும்ப வரையப்பட்டிருப்பது கண்ணில் பட 45 நிமிடம். ஓவியம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கே இவ்வளவு நேரம் ஆகிறது. எங்களுக்கு எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த 45 நிமிடத்தையும் சலவைக்கல் தரையில் நின்றுகொண்டே கழிக்கச் சொல்லாதீர்கள்.

இது புதுப் புகாரும் இல்லை. பாஸ்டனின் நுண்கலை அருங்காட்சியகத்தில் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், அருங்காட்சியகக் களைப்பைப் பற்றி 1916இலேயே ஒரு கட்டுரை எழுதிவிட்டார். ஓர் ஆளைக் கூப்பிட்டு, காட்சிப் பேழைகளில் இருப்பதைப் பார்த்துச் சில எளிய கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொன்னார். பதில் தேடி அந்த மனிதர் குனிந்தார், எக்கினார், முழங்காலை மடக்கினார், கழுத்தைத் திருகினார். ஒவ்வொரு கோணத்தையும் கில்மன் படம் எடுத்து அச்சிட்டார். நல்ல உடையில் இருக்கும் ஒரு கனவான் ஒரு சின்னப் பொருளைப் பார்ப்பதற்காக உடம்பை இரண்டாக மடித்துக்கொண்டிருக்கும் அந்தப் படங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும், கூடவே சொந்த முதுகும் லேசாக வலிக்கும். கில்மன் பார்வையாளரைத் திட்டவில்லை. பேழைகளை வைத்த விதத்தைத்தான் குறை சொன்னார். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பெஞ்சே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, ஆனால் எங்கே இருக்கிறது? நடைபாதையில், ஜன்னல் ஓரத்தில், கழிப்பறைக்குப் போகும் வழியில், லிஃப்டுக்கு எதிரில். களைத்தவர்கள் ஓவியங்களை விட்டு விலகி வந்து ஓய்வெடுக்கத்தான் அவை போடப்பட்டிருக்கின்றன. எங்களுக்கு வேண்டியது உட்கார்ந்தபடியே பார்க்க ஓர் இடம். அறைக்குள் போடப்பட்ட சில பெஞ்சுகளும் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் இருக்கும் வெற்றுச் சுவரைப் பார்த்தபடி இருக்கின்றன. அதை அங்கே போட்டவர் ஒருமுறையாவது அதில் உட்கார்ந்து பார்த்தாரா என்று எனக்குச் சந்தேகம். சாய்மானம் இல்லாத, முழங்காலுக்கும் கீழே இருக்கும் தட்டைப் பலகைகள் கண்ணுக்கு அழகுதான். வயதானவர்கள் அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும், தனியாக வந்தவருக்கு யார் கொடுப்பது?

எப்படிப் போட வேண்டும் என்று பாரிஸின் ஓராஞ்சரி அருங்காட்சியகத்தில் போய்ப் பார்க்கலாம். முதல் உலகப் போர் ஓய்ந்த மறுநாள், 1918 நவம்பர் 12இல், தன் அல்லிக்குள ஓவியங்களை நாட்டுக்குத் தருவதாக ஓவியர் மோனே எழுதினார். அது வளர்ந்து வளர்ந்து எட்டுப் பெரும் படைப்புகளாகி, இரண்டு நீள்வட்ட அறைகளில் சுவரையே சுற்றிக்கொண்டது. உயரம் இரண்டு மீட்டர், நீளத்தையெல்லாம் கூட்டினால் கிட்டத்தட்ட நூறு மீட்டர். அவர் இறந்த சில மாதங்களில், 1927இல், அறைகள் திறக்கப்பட்டன. நடுவில் இருக்கைகள் இருக்கின்றன. உட்கார்ந்துவிட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். ஒரு பக்கம் போதுமென்று தோன்றினால் இடத்தை விட்டு எழாமல் அப்படியே திரும்பி உட்கார்ந்துகொள்ளலாம். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1971இல் திறந்த ராத்கோ சேப்பலில் (ஓவியர் ராத்கோவின் படங்களுக்காகவே அமைந்த வழிபாட்டுக்கூடம் அது) பதினான்கே ஓவியங்கள், கிட்டத்தட்ட இருட்டு நிறம், எதிரே பெஞ்சுகள். அந்தப் படங்களை நடந்துகொண்டே பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். உட்கார்ந்து கண் பழகிய பிறகுதான் கறுப்புக்குள்ளிருந்து ஊதாவும் பழுப்பும் மெல்ல வெளியே வருகின்றன. அங்கே பெஞ்சை எடுத்துவிட்டால் ஓவியங்களில் பாதியை எடுத்துவிட்ட மாதிரி.

உங்கள் தரப்பு ஆட்சேபங்களும் தெரியும். கூட்டம் நகர வழி வேண்டும், அவசரத்தில் வெளியேற வழி வேண்டும், சிலர் உட்கார்ந்து போன் பார்ப்பார்கள், சிலர் தூங்கிவிடுவார்கள். முதல் இரண்டும் நியாயம். நெரிசலான அறையில் பெஞ்ச் முடியாது என்றால், சில அருங்காட்சியகங்கள் செய்வதுபோல், இலேசான மடக்கு முக்காலிகளை வாசலில் இரவல் கொடுங்கள். தூக்கிக்கொண்டு நடக்க நாங்கள் தயார். தூங்குகிறவரைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நல்ல ஓவியத்தின் முன்னால் பத்து நிமிடம் கண் அசந்துவிட்டு எழுந்தவர், நின்றுகொண்டே கொட்டாவி விட்டவரைவிட நன்றாகப் பார்ப்பார்.

பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் மோனலிசா இருக்கும் அறை எல்லோருக்கும் தெரியும். 77க்கு 53 செண்டிமீட்டர் அளவுள்ள ஒரு பலகையைப் பார்க்க அவ்வளவு பெரிய க்யூ. அந்த க்யூவில் நிற்பவர்களின் முதுகுப் பக்கம், எதிர்ச்சுவரில், வெரோனீஸ் என்ற ஓவியர் 1563இல் முடித்த 'கானா ஊர்த் திருமண விருந்து' என்ற படம் தொங்குகிறது. சுமார் 6.77 மீட்டர் உயரம், 9.94 மீட்டர் அகலம், லூவ்ரின் மிகப்பெரிய ஓவியம் அதுதான். நடுவில் இசைக்கலைஞர்கள், கீழே நாய்கள், ஓரத்தில் ஜாடியிலிருந்து ஊற்றுகிறவர், அத்தனை பேர் நடுவிலும் ஆரவாரமில்லாமல் இயேசு. தனியாகப் போகிறவருக்கு இங்கே ஒரு சின்னச் சுதந்திரம் கிடைக்கிறது: முதுகைத் திருப்பிக்கொண்டு வெரோனீஸைப் பார்க்கலாம், மோனலிசாவைப் பார்க்காமலே கூட வெளியே போகலாம், ஏன் என்று கேட்க யாருமில்லை. கூட்டமாக வந்தவர்களுக்கு அது முடியாது, கட்டாயம் பார்க்க வேண்டியவற்றின் பட்டியல் யாராவது ஒருவர் கையில் இருக்கும்.

இரண்டாவது கோரிக்கை டிக்கெட் பற்றியது. நூற்றுக்கணக்கான படங்கள் உள்ள இடத்தில் காலையில் நுழைந்த ஒருவர், மதியம் வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு, வயிற்றுக்கும் ஏதாவது போட்டுவிட்டு, திரும்பி வர முடியாது என்று பல இடங்களில் விதி இருக்கிறது. வெளியே கால் வைத்தால் டிக்கெட் செத்துவிடும். இதனால் என்ன ஆகிறது? போனால் வர முடியாதே என்று, எதுவும் தலைக்குள் ஏறாத நிலையிலும் அறை அறையாக நடந்துகொண்டே இருக்கிறோம். கடைசி மாடியில் நீங்கள் அக்கறையாக அடுக்கி வைத்த ஓவியங்களை வெந்துபோன கண்ணோடு கடந்து போகிறோம். கையில் ஒரு முத்திரை குத்தியோ டிக்கெட்டை இன்னொரு முறை ஸ்கேன் செய்தோ தீர்க்கக்கூடிய விஷயம் இது. ஒரே நாளில் இரண்டு மூன்று இடங்களைப் பார்க்க நினைப்பவருக்கும் அது உதவும்: காலையில் ஓரிடம், நடுவில் வேறொன்று, சாயங்காலம் முதல் இடத்துக்கே திரும்பி, மனதை விட்டுப் போகாத அந்த ஒரு படத்தை இன்னொருமுறை.

நெதர்லாந்தில் 1981 முதல் ஓர் அட்டை இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை பணம் கட்டினால் 400க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்குள் போய்வரலாம். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துத் தீர்த்துவிட வேண்டும் என்ற பதற்றம் அங்கே எழுவதில்லை. அரைமணி நேரம் போய் ஒரே ஒரு வெர்மீர் ஓவியத்தைப் பார்த்துவிட்டு வரலாம். லண்டன் நேஷனல் கேலரியின் நிரந்தரத் தொகுப்பை இலவசமாகப் பார்க்க முடிவதன் பெரிய பலனும் எனக்கு அதுதான்.

அதே நேஷனல் கேலரியின் கதை ஒன்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1939இல் போர் வந்ததும் அங்கிருந்த ஓவியங்களை வேல்ஸுக்கு அனுப்பினார்கள். பிறகு அங்கேயே ஒரு கற்பலகைச் சுரங்கத்துக்குள் வைத்தார்கள். சுவர்கள் வெறுமையாக இருந்தன. 1942 தொடக்கத்தில் 'தி டைம்ஸ்' நாளிதழில் ஒரு வாசகர் கடிதம் வந்தது: குண்டுவீச்சில் காயம்பட்டுக் கிடக்கும் இந்த ஊருக்கு இப்போதுதான் அழகான பொருள்கள் தேவை என்று. நிர்வாகம் அந்தக் கடிதத்துக்குச் செவிசாய்த்தது. மாதம் ஒரு ஓவியத்தைச் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து மாட்டினார்கள். முதலில் வந்தது டிஷியன் என்ற ஓவியர் வரைந்தது, உயிர்த்தெழுந்த இயேசுவை மக்தலேனா மரியாள் தோட்டத்தில் சந்திக்கும் படம். ஒரு கட்டடம், ஒரு படம். அதைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்கு அந்தக் கடிதமும் ஒரு காரணம்.

சின்ன விஷயங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். தனியாக வருகிறவருக்குப் பையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை, ஆகவே லாக்கர் வேண்டும். விளக்கப் பலகையின் எழுத்து, இரண்டடி தள்ளி நின்றாலும் படிக்க முடிகிற அளவில் இருக்கட்டும். வழிகாட்டிச் சுற்றில் குறைந்தபட்ச எண்ணிக்கை தேவை என்றால், தனித்தனியாக வருகிறவர்களைச் சேர்த்து ஒரு வேளை ஒதுக்குங்கள். லூவ்ரைப் புதன், வெள்ளிகளிலும், பாரிஸின் இன்னொரு அருங்காட்சியகமான ஓர்சேயை வியாழனிலும் இரவு ஒன்பதுவரையாவது திறந்து வைக்கிறார்கள். வேலை முடிந்து வருகிறவருக்கு அந்த நேரம் பெரிய வரம்.

போட்டோவைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்க மாட்டேன். மாட்ரிட்டின் பிராடோவில் படம் எடுக்கக் கூடாது, அங்கே பார்ப்பது நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆனால் விதியைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. லிண்டா ஹெங்கல் என்ற உளவியலாளரின் 2014 ஆய்வில், படம் எடுத்துக்கொண்டே அருங்காட்சியகத்தைச் சுற்றியவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள். ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்த மறதி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குற்றவாளி கேமரா இல்லை, கவனக்குறைவுதான் போலிருக்கிறது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம் 2015இல், போனைக் கீழே வைத்துவிட்டு வரைந்து பாருங்கள் என்று ஓர் இயக்கமே நடத்தியது. வரையத் தெரியாதவரும் ஒரு கையை வரைய முயன்றால் அந்தக் கையில் எத்தனை எலும்பு தெரிகிறது என்று எண்ணிவிடுவார். பென்சிலும் சின்ன நோட்டும் கொண்டுவருகிறவரைச் சந்தேகமாகப் பார்க்காதீர்கள். அவரும் உட்கார்ந்துதான் வரைய வேண்டும், அதுவும் பெஞ்ச் கணக்கில் சேரும்.

கடைசியாக ஒன்று, இது எங்களுக்காக இல்லை. நாள் முழுக்க அறையின் மூலையில் நிற்கும் காவலர்களுக்கும் நாற்காலி கொடுங்கள். தனியாக வருகிறவர்கள் அன்றைக்குப் பேசுகிற ஒரே மனிதர் பல நேரம் அவர்தான். பால்டிமோர் கலை அருங்காட்சியகம் 2022இல் தன் காவலர்கள் 17 பேரிடம் ஒரு கண்காட்சியையே ஒப்படைத்து, எதை வைப்பது என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னது. மாதக்கணக்கில் ஒரே படத்தோடு இருப்பவருக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரியாது என்று அங்கே யாரோ புரிந்துகொண்டிருக்கிறார்கள். பெஞ்ச் போடுவதற்கு நீங்கள் நிபுணர் குழு எதுவும் அமைக்க வேண்டாம். எந்தப் படத்தின் முன்னால் ஆட்கள் போக மனமில்லாமல் காலை மாற்றி மாற்றி நிற்கிறார்கள் என்று உங்கள் காவலரைக் கேளுங்கள். முதல் பெஞ்சை அங்கே போடுங்கள்.

இப்படிக்கு,
தனியாக வரும் பார்வையாளர் ஒருவர்